இடோனியா தாயாரின் முத்திரை

குளிர்காலத் தொடக்கத்து மார்டின் புனிதர் திருநாள் முடிந்து, சதுப்பு நிலத்துப் பனிமூட்டம் ஊரெல்லாம் ஏறி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், துணி மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு நான் லிங்கன் நகரத்துக்குள் நுழைந்தேன். ஓஸ்பெர்ட்டின் வீடு குன்றின் அடிவாரத்தில், தோல் பதனிடுகிறவர்கள் தெருவைத் தாண்டி இருந்தது. முன்னால் மெழுகுக் கடை, பின்னால் மெழுகு காய்ச்சும் கொட்டகை, மாடியில் ஒரே ஒரு அறை. அந்த அறையில்தான் அவன் அப்பாவும் அவருடைய அப்பாவும் செத்தார்கள் என்று வாசலிலேயே சொன்னான். மனைவியாகப் போகிறவளை வரவேற்கிற அழகு அப்படி.

"கொண்டு வந்தியா?" என்றான்.

"என்னைக் கேக்கறியா, சாசனத்தைக் கேக்கறியா?"

"இப்போதைக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆல்டர்ஹோம் கன்னியர் மடத்துக்கு நான் பிறவிப் பண்ணையாள். என் அம்மா அவர்கள் துணியைத் துவைத்தாள், நானும் துவைத்தேன். மடத்து ஆடு மாடு எப்படியோ அப்படித்தான் நாங்களும். எங்கே போகலாம், யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்பதெல்லாம் அவர்கள் சொல்ல வேண்டியது. எங்களுக்குப் பிறக்கிற பிள்ளையும் அவர்களுடையதே. அன்று என் வயிற்றில் ஓஸ்பெர்ட்டின் பிள்ளை இருந்தது. அது மடத்துப் பிள்ளையாகப் பிறக்குமா, எங்கள் பிள்ளையாகப் பிறக்குமா என்பது என் கழுத்தில் தொங்கிய துணிப்பைக்குள் இருந்தது.

உள்ளங்கை அகல ஆட்டுத்தோல். அதன் அடியில் ஒரு தோல் நாடா. நாடாவில் பச்சை மெழுகில் ஒரு முத்திரை. விடுதலைச் சாசனம் என்றால் அந்த மெழுகுதான். எழுத்தை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். மெழுகு உடைந்தால் மிச்சம் வெறும் தோல், செருப்புக்குக்கூடப் பத்தாது.

ஓஸ்பெர்ட் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மடத்துக்கு மெழுகு கொடுப்பவன் அவன். அதற்காக வந்து போன வழியில்தான் எனக்கும் பழக்கமானான்.

"என் மெழுகுதான். நல்ல பச்சை. ஆனா இதென்ன, கீழ இருக்கற மாடம் காலியா இருக்கு?"

"சரியா அமுங்கல," என்றேன்.

அது ஏன் அமுங்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால் இடோனியா தாயாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் மடத்துத் தலைவி அவர். நல்ல உயரம். வலது தோள் இடது தோளைவிட ஏறியிருக்கும். பிறவியிலேயே அப்படி. மேலங்கியை இழுத்து இழுத்து மறைத்துக்கொள்வார். கடைசிக் காலத்தில் இரண்டு காலும் வீங்கி, படுத்த படுக்கையாகிவிட்டார். வாத்துக் கொழுப்பில் புதினா அரைத்துக் கலந்த தைலத்தை அந்தக் கால்களில் தேய்க்க வேண்டும். கன்னியர் யார் தேய்த்தாலும் வலிக்கிறது என்பார். என் கை பட்டால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். அவருக்கு என் மேல் பிரியம் உண்டு. அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஓஸ்பெர்ட் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறான், விடுதலை கொடுங்கள் என்று ஒருநாள் காலைப் பிடித்தபடியே கேட்டேன்.

"நீ போயிட்டா என் காலை யாரு பிடிப்பா?"

"வேற ஆளு பழகிக்குவாங்க, தாயே."

"எனக்கு வேற ஆளு வேணாம். நான் இருக்கற வரைக்கும் நீ எங்கயும் போகப்போறதில்ல கோடித்."

சொல்லிவிட்டு என் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார். அவ்வளவு ஆசையாகத்தான் சொன்னார். அதன்பிறகு அவர் சாவுக்காக நான் காத்திருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தைலத்தைக் குறைத்துத் தேய்த்ததில்லை, கஞ்சியை ஆறவிட்டுக் கொடுத்ததில்லை. காத்திருந்தேன், அவ்வளவுதான்.

அறுவடை முடிந்து வந்த மழைக்காலத்தில், ஒரு பிற்பகலில் மூச்சு நின்றது. மணி அடிக்கவும் வெந்நீர் வைக்கவும் எல்லோரும் ஓடினார்கள். அறையில் நானும் சபீனாவும் மட்டும் நின்றோம். மடத்துப் பத்திரங்களுக்கும் மெழுகுக்கும் சபீனாதான் பொறுப்பு. அவர் தாயாரின் கண்களை மூடிவிட்டார். பிறகு இடுப்புக் கயிற்றில் தொங்கிய வெள்ளி முத்திரை அச்சைக் கத்தரித்துக் கையில் எடுத்தார்.

எங்கள் மடங்களில் ஒரு முறை உண்டு. தலைவி இறந்தால், உடலைக் குழிக்கு எடுக்குமுன், எல்லாக் கன்னியரும் கூடியிருக்க அவருடைய முத்திரை அச்சைச் சுத்தியலால் அடித்து உடைப்பார்கள். முத்திரை எங்கே இருக்கிறதோ அங்கே அதற்குரியவர் நேரில் நிற்கிறார் என்பது கணக்கு. ராஜாவின் நீதிபதிகளுக்கும் அதே கணக்குதான். அதனால் மூச்சு நின்றால் முத்திரையும் நின்றாக வேண்டும்.

"கோடித், கதவைச் சாத்து," என்றார் சபீனா. அவர் அங்கிக்குள் எழுதி வைத்த சாசனம் தயாராக இருந்தது.

"சபீனாம்மா, தாயாரு போயிட்டாங்க."

"அச்சு இன்னும் உடையலையே. உடையற வரைக்கும் தாயாரு இருக்கறதாத்தான் முறை. முறை தப்பி நான் எதுவும் செய்யல."

"அவங்க வேணாம்னு சொன்னாங்களே."

"அடுத்து வரப்போறது யாரு தெரியும்ல? நம்ம மடத்துக் காரியஸ்தன் ரானல்ஃபோட அக்கா. அவ வந்து உக்காந்தா உனக்கு மட்டுமில்ல, உன் பேரனுக்கும் விடுதலை கிடையாது. சாத்து கதவை."

சாத்தினேன். சபீனா எனக்காக ஏன் அதைச் செய்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் துணியை நான் துவைத்தேன் என்பதைத் தவிர எங்களுக்குள் உறவு எதுவும் இல்லை. சிலருக்கு மனசு அப்படி.

கணப்பில் காட்டி மெழுகை இளக்கினார். ஆனால் அழுத்த அவர் கையில் வலு போதவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். கம்பளி விரிப்பைப் பிழிகிற கை என்னுடையது. அச்சின் மேல் மெழுகை வைத்து, முதுகுப்பக்கம் கட்டைவிரலால் பலமாக அழுத்தினேன். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் தாயார் கிடந்தார்.

அந்த முத்திரையை அதற்குமுன் எத்தனையோ பத்திரங்களில் பார்த்திருக்கிறேன். பாதாம் பருப்பு வடிவம். மேலே, மடத்தை நிறுவிய புனித எல்ஸ்வித் வளைகோலைப் பிடித்து நிற்பார். அவர் காலடியில் சின்ன மாடம். மாடத்துக்குள் ஒரு பெண் முட்டி போட்டு, கை கூப்பி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அது முத்திரைக்குச் சொந்தக்காரர், அதாவது இடோனியா தாயார். எவ்வளவு பெரிய தலைவியானாலும் தன் முத்திரையில் தான் மண்டியிட்டுத்தான் இருக்க வேண்டும். நான் ஒன்றுமில்லை, எனக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம்.

மெழுகை அச்சிலிருந்து உரித்தோம். புனிதர் இருந்தார். வளைகோல் இருந்தது. மாடத்தில் யாரும் இல்லை.

மங்கலாக விழுந்திருந்தால் பரவாயில்லை. மாடத்தின் தூண்கள் கூர்மையாக விழுந்திருந்தன. உள்ளே தரை வழுவழுப்பாக இருந்தது. சபீனா வெள்ளி அச்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் செதுக்கல் அப்படியே இருந்தது.

"அமுக்கினது பத்தல," என்றார்.

மறுபடி போட நேரமில்லை. படியில் காலடிச் சத்தம் கேட்டது. சாசனத்தை நான் மார்புக்குள் செருகிக்கொண்டிருந்தபோது, எங்கள் முதுகுக்குப் பின்னால் கட்டில் கயிறு முனகியது.

படுத்திருக்கிறவர் எழுந்தால் முனகுமே, அந்த முனகல்.

நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து வெந்நீர்ப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டோம். மறுநாள் அச்சை உடைத்தார்கள், தாயாரைப் புதைத்தார்கள். மூட்டை கட்டிக்கொண்டு நான் புறப்பட்டு வந்தேன். செய்தது தப்பு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

லிங்கனில் ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே இருந்தது. தேவாலய வாசலில் வைத்து மோதிரம் போட்டான் ஓஸ்பெர்ட். விலாங்கு மீன் அப்பம் சாப்பிட்டோம். அவன் சிநேகிதர்கள் மூக்கு முட்டக் குடித்துவிட்டு மெழுகு மூட்டைகளின் மேலேயே தூங்கினார்கள்.

பிறகு ஒருநாள் காலையில் வாசனை வந்தது.

மெழுகுக் கடையில் வேறு எந்த வாசனையும் நிற்காது. தேனும் புகையும் கலந்த அந்த மணம் சோற்றில்கூட ஏறிவிடும். அதையும் மீறி மாடிப்படியில் வாத்துக் கொழுப்பும் புதினாவும் மணத்தது. அப்போதுதான் யாரோ சூடுபடுத்திய மாதிரி இருந்தது. என் கைகளை முகர்ந்து பார்த்தேன். கையிலிருந்துதான் வந்தது.

சாம்பலும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். போகவில்லை.

அதற்கடுத்து முட்டி. விடிந்து கண் திறக்கும்போது நான் படுக்கையில் இருக்கமாட்டேன். சாசனம் வைத்த மரப்பெட்டிக்கு எதிரில், பலகைத் தரையில், முட்டி போட்டிருப்பேன். கை கூப்பியிருக்கும். கழுத்து அண்ணாந்து அண்ணாந்து வலிக்கும். முட்டித் தோல் உரிந்து, மரச்சிராய் ஏறியிருக்கும்.

"இவ்வளவு ஜெபம் பண்றியே, எனக்குத் தெரியாம எவனையாவது கொன்னுட்டியா?" என்று ஓஸ்பெர்ட் கிண்டல் செய்தான்.

"இன்னும் இல்ல. நீ வாயை மூடலைன்னா பாத்துக்கலாம்."

சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் கடைக்குப் போனதும் பெட்டியைத் திறந்து முத்திரையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன்.

புனித எல்ஸ்வித்தின் வலது தோள் ஏறியிருந்தது.

மேலங்கி அந்தத் தோளின் மேல் இழுத்து மூடியிருந்தது. மறைக்கப் பார்க்கிறவர்கள் இழுத்துக்கொள்வது மாதிரி.

கீழே மாடம் காலியாக இல்லை.

பார்லி மணி அளவில் ஒருத்தி முட்டி போட்டிருந்தாள். கன்னியர் போடுகிற முக்காடு இல்லை. பிடரியில் முடிச்சிட்ட தலைத்துணி. முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்ட சட்டைக் கை. துணி துவைக்கிறவள் அப்படித்தான் சுருட்டிக்கொள்வாள். முகம் தெரிகிற அளவுக்கு அது பெரிதில்லை. எனக்கு முகம் தேவைப்படவும் இல்லை.

ஓஸ்பெர்ட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தான்.

"மெழுகு இறுகினா கொஞ்சம் தெளியும்," என்றான்.

"மெழுகு இறுகினா சுருங்கும். நீதான் எனக்குச் சொன்னே."

அவன் அதைப் பெட்டிக்குள் வைக்கப் போனான். நான் கையைத் தடுத்தேன்.

"இதை உடைச்சிடறேன்யா. உடைக்க வேண்டியதை உடைக்காம விட்டதுதான் இது. அச்சை உடைச்சாங்க, இதை யாரும் உடைக்கல. இதுக்குள்ள நிக்கறாங்க அவங்க."

"உடை. நாளைக்கே ரானல்ஃப் வந்து உன்னைக் கயித்துல கட்டி இழுத்துட்டுப் போவான். வயித்துல இருக்கறதையும் சேத்து. உனக்குப் புரியுதா கோடித்? இந்த மெழுகு முழுசா இருந்தாத்தான் அது என் புள்ள."

"அவன் இழுத்தா, இழுக்கறவன் மூஞ்சியாவது எனக்குத் தெரியும்."

அவன் பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டான். எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. அவன் பயந்ததும் நியாயம்தான் என்று தெரிந்ததால் கோபம் இன்னும் அதிகமானது.

எமெலின் வசந்த காலத்தில் பிறந்தாள். அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், மூக்கில் ஊதினாள். குழந்தை மூச்சு விட்டது, கண்ணைத் திறந்தது, ஆனால் அழவில்லை. என்னையும் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே எதையோ பார்த்தது.

நல்ல உயரமான ஒருவர் நின்றால் முகம் இருக்குமே, அந்த இடத்தை.

"அமைதியான குழந்தை, நீ கொடுத்து வச்சவ," என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். பசித்தால் அழாது, காய்ச்சல் வந்தால் அழாது. மற்றப் பிள்ளைகள் தவழும் மாதங்களில் அவள் தவழவில்லை. ஒரு பகல்பொழுதில், கடையில் திரி முறுக்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். தரையில் விட்ட குழந்தை தானாக எழுந்து முட்டி போட்டிருந்தது. இரண்டு கையும் மார்புக்கு நேரே சேர்ந்திருந்தன. வாசல் நிலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியே பனிமூட்டம். வாசலில் ஒருவரும் இல்லை.

தைல வாசனை மட்டும் உள்ளே வந்தது.

ஓஸ்பெர்ட்டின் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கினேன். அவன் தடுக்கவில்லை. மாடத்தில் இப்போது இரண்டு பேர் இருந்தார்கள். தலைத்துணி கட்டியவள் ஒருத்தி. அவள் இடுப்போடு ஒட்டி, எள் அளவில் இன்னொன்று. என்னைப் பிடித்துக்கொண்டது பத்தாதென்று என் பிள்ளையையும் எடுத்துக்கொண்டார் தாயார். நான் அழுதேன். அந்த மெழுகின் மேல் காறித் துப்பினேன். பிறகு பயந்து துடைத்தேன்.

அந்த வாரமே ரானல்ஃப் வந்தான். கடைக்குள் வந்து, விலை கேட்பவன் மாதிரி ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து உருட்டிக்கொண்டு பேசினான்.

"என்ன கோடித், கை வெளுத்திருக்கு. துணி துவைக்கறது மறந்து போச்சோ?"

"மறக்கல. உன் துணியைத் துவைச்சது எப்படி மறக்கும்? மூக்கு இன்னும் மறக்கல."

அவன் சிரிக்கவில்லை. "இப்போ தாயாரா உக்காந்திருக்கற என் அக்கா விசாரிச்சிட்டா. பழைய தாயாரு உனக்கு விடுதலை இல்லைன்னு பத்துப் பேர் முன்னாடி சொல்லியிருக்காங்க. அப்புறம் முத்திரை எங்கிருந்து வந்துச்சு? ராஜாவோட ஷெரீப் மன்றத்துல வழக்கு, அங்க பாத்துக்கலாம். தாயாரு உயிரோட இருக்கறப்ப போட்ட குத்தகைப் பத்திரம் ஒண்ணு கொண்டு வர்றோம். ரெண்டு முத்திரையையும் பக்கத்துல வச்சா உண்மை தெரிஞ்சிடும். உன்னோடது போலின்னா, நீயும் உன் குட்டியும் சாயங்காலமே மடத்துக்கு வர்றீங்க."

அவன் போனபிறகுதான் ஓஸ்பெர்ட் முகத்தில் ரத்தம் இல்லாமல் போனதைப் பார்த்தேன். மடத்து முத்திரைகளில் ஒருத்திதான் முட்டி போட்டிருப்பாள். எங்களுடையதில் இரண்டு பேர். உன்னை விடமாட்டேன் என்று தாயார் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போது புரிந்தது என்று நினைத்தேன். விடுதலை கொடுத்த மெழுகாலேயே என்னைத் திருப்பி இழுத்துக்கொள்ளப் போகிறார்.

"சின்னதைச் சுரண்டிடலாம்," என்றான் ஓஸ்பெர்ட். "கத்தி நுனியால. யாருக்கும் தெரியாது."

கத்தியைச் சூடு காட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நுனியை அந்த எள் அளவு உருவத்தின் மேல் வைத்தான்.

எமெலின் அலறினாள்.

பிறந்ததிலிருந்து அதுதான் அவளுடைய முதல் அழுகை. தொட்டிலிலிருந்து தூக்கினேன். விலாவைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். துணியை விலக்கினால், விலாவில் ஊசி கீறின மாதிரி ஒரு சிவப்புக் கோடு. ஓஸ்பெர்ட் கத்தியைக் கீழே போட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்துவிட்டான். அதன்பிறகு அவன் மெழுகு இறுகுவதைப் பற்றிப் பேசவேயில்லை.

மன்றம் குன்றின் மேல், கோட்டைக்குள் கூடியது. எமெலினை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடேறினேன். ஒரு பக்கம் ரானல்ஃப். அவன் பக்கத்தில் குத்தகைப் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு சபீனா. அவர் பொறுப்பில் இருக்கிற பத்திரம் என்பதால் அவர்தான் கொண்டு வர வேண்டும். மெலிந்து போயிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். என்னை விழுங்கப்போகிற பத்திரம் அவர் கையிலேயே இருக்கிறது, அந்த வெட்கம் என்று நினைத்தேன்.

எழுத்தர் என் சாசனத்தை மேசையில் வைத்தார். பக்கத்தில் குத்தகைப் பத்திரத்தை வைத்தார். குனிந்து, விரலால் தொட்டுத் தொட்டு, உரக்கச் சொன்னார்.

"பாதாம் வடிவம். வளைகோலோட ஒரு தலைவி நிக்கறாங்க. வலது தோள் கொஞ்சம் ஏறியிருக்கு. கீழ மாடம். மாடத்துக்குள்ள ஒரு பொம்பளையும் ஒரு குழந்தையும் முட்டி போட்டிருக்காங்க."

நான் எமெலினை இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

"இது கோடித்தோட சாசனம்," என்றார் எழுத்தர். பிறகு அடுத்ததன் மேல் விரல் வைத்தார். "மடத்துக் குத்தகைப் பத்திரம். அதே தலைவி. அதே தோள். ஒரு பொம்பளை, ஒரு குழந்தை. ஒரே அச்சுதான். சந்தேகமே இல்லை."

மன்றத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. ரானல்ஃப் எழுந்து போய் எட்டிப் பார்த்தான். ஏதாவது சொல்லுவான், இப்படி இருந்ததில்லையே என்று கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தினால் நான் மடத்துக்குப் போக வேண்டும். ஆனாலும் அவன் கத்த வேண்டும் என்று என் மனசு கெஞ்சியது.

"ஆமா," என்றான் அலுப்போடு. "பழைய தாயாரோட முத்திரை இப்படித்தான் இருக்கும். அம்மாவும் புள்ளையும் முட்டி போட்டிருக்கும். நான் சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன்."

சாசனம் செல்லும், கோடித்தும் அவள் வயிற்றில் பிறக்கிறவர்களும் சுதந்திரமானவர்கள் என்று தீர்ப்பு எழுதினார்கள். ஓஸ்பெர்ட் என் தோளைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். கூட்டம் கலைகிற நேரத்தில் சபீனா என் பக்கம் வந்தார்.

"கோடித், பெட்டில இருக்கற எல்லாப் பத்திரத்தையும் எடுத்துப் பாத்துட்டேன்," என்று கிசுகிசுத்தார். "நீ கைக்குழந்தையா இருந்தப்ப போட்டதைக்கூட. எல்லாத்துலயும் நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்க."

"உடைச்ச அச்சு?"

"துண்டுகளைப் பலிபீடத்துல வச்சிருக்கோம். அதுலயும்தான்."

"யாருகிட்டயாவது சொல்லுங்கம்மா."

"என்னன்னு சொல்ல? எப்பவும் இப்படித்தான் இருந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. மாறிடுச்சுன்னு நான் சொன்னா, உன் சாசனம் எப்ப போட்டதுன்னு கேப்பாங்க. அதோட உன் விடுதலை போச்சு." என் கையைப் பிடிக்க வந்தவர், எமெலினைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். குழந்தை அவருடைய முக்காட்டுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

தீர்ப்பு மன்றத்து ஏட்டில் ஏறிவிட்டதால் இனி மெழுகு எனக்குத் தேவையில்லை. வீட்டுக்கு வந்ததும் கொட்டகைக்குப் போய், எமெலினை மடியில் வைத்துக்கொண்டு, அவள் மேல் கண்ணை வைத்தபடியே, முத்திரையைக் காய்கிற மெழுகுக் கொப்பரையில் போட்டேன். அவள் துடிக்கவில்லை. பச்சை இழை இழையாகக் கரைந்து மஞ்சளில் கலந்தது. வாத்துக் கொழுப்பும் புதினாவும் ஒரு கணம் மூச்சடைக்க மணத்துவிட்டு அடங்கின. எத்தனையோ பத்திரத்தில் இன்னும் இருக்கிறோம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவை மடத்துப் பெட்டியில் இருந்தன, நாங்கள் லிங்கனில் இருந்தோம்.

அந்தக் கோடை நன்றாக இருந்தது. காலையில் படுக்கையிலேயே விழித்தேன். முட்டிக் காயம் ஆறியது. எமெலின் தவழ்ந்தாள், விழுந்தாள், விழுந்ததற்கு ஊரைக் கூட்டி அழுதாள். அவள் அழும்போதெல்லாம் ஓஸ்பெர்ட்டும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். தெருவில் இருக்கிறவர்கள் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள். சிரித்துச் சிரித்து அடுத்த பிள்ளைக்கும் ஒரு தட்டு வாங்கி வைக்கலாமா என்று அவன் கேலி பேசினான், நான் அடிக்கப் போனேன்.

அறுவடைச் சந்தை நாளில் சதுப்பு நிலத்துக் குடியானவர் ஒருவர் கடைக்கு வந்தார். கெட்டில் என்று பெயர் சொன்னார். மடத்து நிலத்தில் கோரை அறுக்கிற குத்தகை, அவர் அப்பா காலத்தில் வாங்கியது. பத்திரம் ஈரத்தில் கிடந்து முத்திரை ஓரம் விண்டிருக்கிறது, கொஞ்சம் மெழுகு வைத்து ஒட்டிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். ஓஸ்பெர்ட் சந்தைக்குப் போயிருந்தான். வாங்கமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் துணியைப் பிரித்து என் கையில் வைத்துவிட்டார்.

"பயப்படாதம்மா, ஓரத்துலதான் விரிசல்," என்றார். "உள்ள இருக்கற மூணு பேருக்கும் ஒண்ணும் ஆகல."

"ரெண்டு பேருங்க."

"நல்லாப் பாரு. எங்க அப்பா காலத்துலேர்ந்து மூணு பேருதான்."

வாசல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஏறிய தோள். தலைத்துணி கட்டியவள். அவள் பக்கத்தில் எமெலின், கொஞ்சம் வளர்ந்திருந்தாள். அந்தப் பெண்ணின் இன்னொரு பக்கத்தில், கசகசா அளவில், கையும் காலும் இன்னும் சரியாகப் பிரியாத ஒன்று முட்டி போட்டிருந்தது.

கெட்டில் என்னவோ கேட்டார். நான் விரலை மடக்கி நாள் எண்ணினேன். இந்த மாதம் எனக்குத் தீட்டு வரவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓஸ்பெர்ட்டிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்கே அதுவரை தெரியாது.